அந்தோணியார் தூக்கி வைத்த மெஷின்

எங்கள் தெருவில் சத்தத்தைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. எர்ணாவூரில் குடியிருந்துகொண்டு சத்தத்தைக் குறை சொன்னால் சிரிப்பார்கள். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வீட்டுச் சுவரை உலுக்கிக்கொண்டே போகும். அதற்கு நடுவில்தான் நாங்கள் தூங்கினோம், சண்டை போட்டோம், செபமாலை சொன்னோம், பிள்ளை வளர்த்தோம். அப்பேர்ப்பட்ட தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தத்தை என் வாஷிங் மெஷின் போட ஆரம்பித்தது.

துவைக்கும்போது ஒன்றுமில்லை. துணியைப் பிழிய வேகமெடுக்கும் பாருங்கள், அப்போதுதான் வரும். முதலில் டொக், டொக் என்று. அப்புறம் உள்ளே யாரையோ வைத்துப் பூட்டிவிட்ட மாதிரி படபடவென்று உதை. கூடவே சன்னமாக ஒரு கடகட. மெஷின் சமையலறை மூலையிலிருந்து கூடத்தை நோக்கி நடந்து வரும். நான் அதன் மேல் சாய்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் பற்களெல்லாம் ஆட, "அந்தோணியாரே, அந்தோணியாரே" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

மெஷின் போனால் போகட்டும் என்று விட்டுவிட எனக்கு வழியில்லை. என் வீட்டுக்காரர் லூர்து ஹார்பரில் சிக்னல் மேனாக இருந்தவர். கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கீழே பள்ளத்தில் கிடக்கிற சரக்கைப் பார்க்க முடியாத கிரேன்காரருக்குக் கையாலேயே ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொல்கிற வேலை. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கையும் இரண்டு கண்களும் மட்டும்தான் பழைய லூர்து. மற்றதெல்லாம் படுக்கையிலேயே. விரிப்பு, கைலி, துண்டு என்று தினமும் ஒரு மூட்டை அழுக்கு சேரும். எனக்கோ தோள்பட்டை இறுகிப்போய் கை காதுக்கு மேலே எழும்பாது. ஈர விரிப்பைக் கையால் பிழி என்று சொன்னால் நான் உட்கார்ந்து அழத்தான் வேண்டும்.

எங்கள் மகன் நெல்சன் மணலி புதுநகரில் இருக்கிறான். ஒப்பந்த வேலை, வாடகை வீடு. புது மெஷின் வாங்குகிற நிலையில் அவனும் இல்லை, நானும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்த ஆள் மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல், "பேரிங் போச்சும்மா, இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டுப் போன அன்று நெல்சன் போன் செய்தான்.

"ம்மா, சொன்னா கோச்சுக்காத. மெஷினு போச்சுன்னா நீ ஒண்டியா இன்னா பண்ணுவ? சிஸ்டர்ங்க நடத்துற ஹோம் ஒண்ணு கீது. நல்லா பாத்துக்குறாங்களாம். அப்பாவ அங்க வுட்டுறலாம்."

கெட்ட பிள்ளை இல்லை அவன். என் தோளை நினைத்துத்தான் சொன்னான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கப்பன் இன்னா பழைய சைக்கிளா, கொண்டுபோயி வுட்டுட்டு வர்றதுக்கு?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் லூர்து கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கஞ்சியை வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

இந்த மெஷின் சாதாரண மெஷினாக இருந்தால் நானும் அந்தக் கம்பெனிக்காரன் சொன்னதை நம்பியிருப்பேன். இது அந்தோணியார் காப்பாற்றிக் கொடுத்த மெஷின். அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

போன வருஷம் டிசம்பர் மழையில் சடையங்குப்பத்தை மூழ்கடித்த தண்ணீர் எங்கள் தெருவுக்கும் வந்தது. முழங்காலுக்கு வரும்போதே மீட்பு போட்டில் லூர்துவை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் ஏறினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அந்தோணியாரே, கட்டில் போனாலும் போகட்டும், பீரோ போனாலும் போகட்டும், அந்த மெஷினை மட்டும் பார்த்துக்கொள்" என்று வேண்டியபடியே போனேன். மூடிய கண்ணைப் பெரிய சாலை வந்த பிறகுதான் திறந்தேன். ராயபுரத்தில் என் தங்கை கிறிஸ்டினா வீட்டில் தங்கியிருந்து, தண்ணீர் வடிந்ததும் திரும்பி வந்தோம்.

வந்து பார்த்தால் கதவில் பூட்டு உடைந்து தொங்குகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஊரே முழுகிக் கிடக்கும்போது திருட வந்தவனை வேறு எப்படிப் பேசுவது? "பூட்ட ஒடச்சவன் கை அயுகிப் பூடும்டா!" என்று மண்ணை வாரித் தூற்றினேன். அப்புறம் உள்ளே போனேன். சுவர் முழுக்க இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மெத்தை ஊறிப்போய்க் கிடந்தது, பீரோ சாய்ந்து கிடந்தது. சமையலறை மூலையில் மட்டும் என் மெஷின், ஒரு பொட்டுச் சேறு இல்லாமல், கடையில் வாங்கி வந்த அன்று இருந்த மாதிரியே பளிச்சென்று நின்றது. சுற்றிலும் சேற்றுக் கோடு, நடுவில் வெள்ளையாக அது! நான் அங்கேயே முழந்தாள் போட்டு ஓவென்று அழுதேன். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து மெஷினுக்கு மேலே அந்தோணியார் படம். செவ்வாய்க்கிழமை தோறும் அவர் பேரில் பன் வாங்கிக் கோயில் வாசலில் கொடுப்பதாக நேர்ச்சை. பன்னை எதிர்வீட்டு வெள்ளத்துரை அண்ணாச்சி கடையில்தான் வாங்குவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மளிகை போட்டவர். கீழே கடை, மாடியில் அவரும் அவர் மனைவி இசக்கியம்மாளும்.

"அண்ணாச்சி, அந்தோணியாருக்கு பன்னு குடு. தண்ணில நின்னுகினு மெஷின தூக்கினாரே, மனுசன் சும்மாவா?" என்பேன்.

"ஆமாக்கா, முதுகு நல்லா வலிச்சிருக்கும்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு பன்னை எடுத்துப் பையில் போடுவார். இசக்கியம்மாளுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வரும்.

சரி, கம்பெனிக்காரன் கைவிட்ட பிறகு யாரிடம் போவது? வியாசர்பாடியிலிருந்து பரசுராமனை வரச் சொன்னேன். மிக்ஸி, ஃபேன், மெஷின் எல்லாம் பார்ப்பான். வாய் அதிகம், ஆனால் திறந்து பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டான்.

"ஓட்டிக் காட்டு யக்கா, பாப்பம்" என்றான். ஓட்டினேன். மெஷின் நடந்து வந்து அவன் காலை இடித்தது. "யம்மாடி! இது இன்னா, கூத்து கட்டிகினு வருது?" என்று குதித்து ஒதுங்கினான்.

முதலில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மெஷின் மேல் வைத்தான். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடியில் இருக்கிற காலைத் திருகி மட்டம் பார்த்தான். நடை நின்றது, சத்தம் நிற்கவில்லை. அப்புறம் துணியையெல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே கையை விட்டு டிரம்மைச் சுற்றிவிட்டான். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"இங்க பாரு யக்கா. பேரிங் போயிருந்தா கையால சுத்தறப்பவே கொரகொரன்னு சொல்லும். இது கம்முனு சுத்துது. பேரிங்கு ஷோக்கா கீது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டிலைப் பார்த்தேன். லூர்துவின் கண் பரசுராமன் கையிலேயே இருந்தது.

அடுத்து அவன் தொட்டியின் விளிம்பை ஒவ்வொரு மூலையாக அழுத்தி அழுத்தி விட்டான். உள்ளே தொட்டி நான்கு கம்பிகளில் தொங்குகிறதாம். மூன்று மூலையில் அழுத்தினால் அசைந்து எழும்பியது. நான்காவது மூலையில் பாதியிலேயே டொக் என்று நின்றது. காதை வைத்துக் கேட்டான். மெஷினைப் பிடித்து லேசாகக் குலுக்கினான். கடகட.

"உள்ள இன்னாமோ கீது யக்கா. எலி கொண்டாந்து போட்டிருக்கும். படுக்க வெச்சிப் பாத்துரலாம்."

தரையில் பழைய போர்வையை விரித்து மெஷினைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அடிப்பக்கம் திறந்துதான் இருந்தது. பரசுராமன் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினான். முகம் மாறியது. ஏதோ ஒன்றை மெதுவாக வெளியே இழுத்துத் தரையில் வைத்தான். வைத்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனான்.

சாக்குத் துணியில் சுற்றி, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய ஒரு மூட்டை. தலை அளவு இருந்தது. சாக்கு ஒரு பக்கம் தேய்ந்து கிழிந்து, உள்ளே ஒரு தேங்காய் தெரிந்தது. காலால் தள்ளினேன். உள்ளே கொப்பரை கடகடவென்று உருண்டது.

"யக்கா, இது செய்வினை. சத்தியமா செய்வினை. நான் வேற தொட்டுக்கினேன்! ஒரு எலுமிச்சம்பயம் இருந்தா குடு."

ஞானஸ்நானம் வாங்கினவள் இதையெல்லாம் நம்பக்கூடாது என்று சாமியார் சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் சாமியார் வீட்டு மெஷினிலிருந்து இப்படி ஒரு மூட்டை வந்ததில்லையே. தீர்த்தத்தை எடுத்து வந்து மூட்டை மேலும் பரசுராமன் மேலும் மெஷின் மேலும் தெளித்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது. பூட்டை உடைத்தவன் வீட்டில் ஒரு சாமானைக்கூட எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? அவன் எடுக்க வரவில்லை, வைக்க வந்திருக்கிறான்! லூர்து எழுந்து உட்காராததற்கும், என் தோள் இறுகினதற்கும், நெல்சன் வேலை நிலைக்காததற்கும் அந்த ஒரு நிமிஷத்தில் காரணம் கிடைத்துவிட்டது.

இடுக்கியால் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் லூர்து தொண்டையிலிருந்து என்னமோ சத்தம் கொடுத்தார். இடது கையைப் போட்டு ஆட்டினார். "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். தெற்கத்திக்காரர், இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு கணக்கு.

"அண்ணாச்சி! இத்த பாத்து சொல்லு. இது இன்னா வகை செய்வினை? எவன் வெச்சிருப்பான்?"

அண்ணாச்சி பருப்பு அளந்துகொண்டிருந்தார். மூட்டையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. பின்னாலிருந்து இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க! இது நம்ம தேங்கால்லா! நாலு போச்சே, மூணுதான வந்துருக்குன்னு அன்னைக்கே சொன்னம்லா! தண்ணில போயிட்டுன்னிய!"

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஒரு லாரி போய் முடிகிற வரைக்கும் நான் இடுக்கியைப் பிடித்தபடியே நின்றேன்.

"உக்காருங்கக்கா" என்று அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சொல்லுதேன். கோவப்படாதிய. பூட்ட நான்தான் ஒடச்சேன்."

எனக்குக் கோபம் எங்கே வரும்? இடுக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"போட்டு கெளம்பும்போ நான் மாடியில நின்னேன். நீங்க கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்திய. உங்க வீட்டுக்காரர் திரும்பி என்னையவே பாத்தாரு. கையத் தூக்கி உங்க வீட்டக் காட்டினாரு. அப்பொறம் விரல மேல பாத்துச் சுத்தினாரு. சுத்திக்கிட்டே போறாரு, போட்டு திரும்புத வரைக்கும். ஹார்பர்ல ஏத்துன்னு சொல்லுததுக்கு அப்படித்தான காட்டுவாவ? என்னத்த ஏத்தச் சொல்லுதாருன்னு யோசிச்சேன். மெஷின் இல்லேன்னா அவர வீட்டுல வச்சுப் பாக்க முடியாதுன்னு நீங்க இதே கடையில நின்னு சொல்லிருக்கிய. வேற என்னத்தச் சொல்லப் போறாருன்னு நானும் இவளும் எறங்குனோம்."

அதற்குள் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டதாம். கடப்பாரையால் பூட்டை நெம்பினார்களாம். மாடிப்படி குறுகல், மெஷினைச் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். சாய்த்தால் உள்ளே தொட்டி ஆடி, கம்பி நெளிந்துவிடும்.

"புதுசா வரப்ப அட்டை வச்சு எறுக்கி அனுப்புவான். அந்த வெள்ளத்துல அட்டைக்கு எங்க போவ? கடையில தேங்கா கெடந்துச்சு. சாக்குல சுத்தி மூலைக்கு ஒண்ணா அடைச்சேன். தண்ணி வடிஞ்ச பொறவு கீழ எறக்கி, எடத்தக் கழுவி வச்சாச்சு. தேங்காய எடுக்கும்போ மூணுதான் கைக்கு ஆப்பிட்டுது. இன்னொண்ணு அன்னைக்கே தண்ணில விழுந்துட்டுன்னு நெனச்சேன். உள்ளயே கெடந்து காஞ்சு, சுருங்கிக் கழண்டுருக்கு போல. சத்தத்துக்கு நான்தான் காரணம். மன்னிச்சிருங்கக்கா."

"ஏன் அண்ணாச்சி, இத்தினி நாளா ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் எறங்கி வந்தேன். நீங்க பூட்ட ஒடச்சவன் கை அழுகிப் போவும்னு வஞ்சிட்டிருந்திய. சரி, கொஞ்சம் ஆறட்டும்னு நின்னேன். அடுத்தாப்புல உள்ள போயி அந்தோணியாரேன்னு அழுதிய. எந்தப் பக்கம் போய் நிக்கதுன்னு எனக்குப் புரியல. அப்படியே விட்டுட்டேன். யாரு தூக்குனா என்னக்கா? துணி துவைக்கணும், அவ்வளவுதான."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் அண்ணாச்சியின் வலது கையில் கட்டு இருந்தது. நானே கேட்டேன். சோடா பாட்டில் கிழித்துவிட்டது என்றார். கடப்பாரை கிழித்த கை அது. அந்தக் கையைத்தான் நான் அழுகிப் போகும் என்று தெருவில் நின்று சொன்னேன். அந்தக் கையால்தான் வாரா வாரம் எனக்கு பன் எடுத்துக் கொடுத்தார். நான் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு, வெட்கம் பார்க்காமல் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இசக்கியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "அழாதியக்கா, அழாதிய" என்று அவளும் அழுதாள். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். வார்த்தை வராமல் சொன்னது அன்றைக்குத்தான்.

பரசுராமன் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். விஷயம் தெரிந்ததும், "அடப்பாவி, தேங்காய்க்கா நான் எலுமிச்சம்பயம் கேட்டேன்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தேங்காய் இடித்து இடித்து அந்த மூலைக் கம்பியும் அதன் ஸ்பிரிங்கும் வீணாகிவிட்டிருந்தன. எந்த மெஷினுக்கும் பொருந்துகிற கம்பி கடையில் கிடைக்குமாம், புதிது வாங்கி வந்து மாட்டினான். நிமிர்த்தி வைத்து, லூர்துவின் விரிப்பையே போட்டு ஓட்டினோம். பிழிகிற நேரம் வந்தது. நான் பழக்கத்தில் மெஷின் மேல் சாயப் போனேன்.

"கைய எடு யக்கா. அதும்பாட்டுக்கு ஓடட்டும்."

ஓடியது. வெளியே போகிற லாரிச் சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததே இல்லை. நெல்சனுக்குப் போன் போட்டு, "உங்கப்பன் இங்கதான் இருப்பாரு. ஞாயித்துக்கெயம கறி வாங்கிகினு வா" என்று மட்டும் சொன்னேன். "சரிம்மா" என்றான். அவன் குரலிலும் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பன்னோடு அந்தக் கொப்பரையையும் உடைத்துத் துண்டு துண்டாகக் கோயில் வாசலில் கொடுத்தேன். யார் தேங்காய் என்று கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் கண்ணை மூடிக் கூப்பிட்டதும், லூர்து கண்ணைத் திறந்து கூப்பிட்டதும் ஒரே ஆளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சாயங்காலமானால் லூர்துவை நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளி வருவேன். எதிர்க்கடையில் அண்ணாச்சி தலை தெரிந்ததும் இவர் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, மெதுவாகக் கீழே இறக்கி, விரல்களை மூடுவார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு தினமும் இதே வேலை. அண்ணாச்சியும் கையைத் தூக்குவார். பிஸ்கட் பாக்கெட் ஒன்று வந்து சேரும். பிஸ்கட்டுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து நானும், "வெக்கமா இல்ல உனுக்கு, டெய்லி கை நீட்டிகினு?" என்று கடிந்துகொள்வேன்.

மெஷின் சரியான அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். "போட்டுல இருந்து நீதான் சொன்னியா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். இடது கையைத் தூக்கினார். விரலை மேலே பார்த்துச் சுற்றினார்: ஏற்று. எதிரே அண்ணாச்சி கடை வாசலில் வந்து நின்றார். லூர்து உள்ளங்கையை விரித்து, மெதுவாக, மெதுவாக இறக்கி, மடி மேல் வைத்து விரல்களை மூடினார். சரக்கு சேதமில்லாமல் தரைக்கு வந்துவிட்டது என்று கிரேன்காரருக்குச் சொல்கிற சிக்னல் அது. வேலைக்குப் போன நாட்களில் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட அதைச் செய்வார். நான்தான் மறந்துவிட்டேன்.

பேச்சு இல்லாத மனிதர், ஒரு நாள் விடாமல் நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். காதுக்கு மேலே எழும்பாத என் கையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கி, நானும் அதே மாதிரி இறக்கினேன். எதிரே அண்ணாச்சி பிஸ்கட் எடுக்க உள்ளே போனார்.